தண்ணிக்கு நடுவுல ஒத்தக் காம்பரா

மாமி,

இன்று காலை நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். உங்கள் கட்டில் பக்கமிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கரண்டியால் டம்ளரில் தட்டுகிற உங்கள் சத்தமேதான். “வாறேன் மாமி” என்று சொல்லிக்கொண்டே, கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தேன்.

வந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெளித் தாழ்வாரத்து இஸ்தோப்பிலிருந்து உங்கள் மகனும் ஓடி வந்து நிற்கிறார். பாதி முகம் மழித்தது, பாதி முகம் சவர நுரை. நடுவில் உங்கள் வெறும் கட்டில். நீங்கள் இருந்தபோது ஸ்டூலில் வைத்த இடத்திலேயே அந்த எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் கரண்டி. கூரைத் தகரத்தில் ஆணி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது போல. மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக டம்ளரின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் துவாயால் முகத்தைத் துடைப்பதுபோல அழுதார். நுரையும் கண்ணீரும் ஒன்றாகிவிட்டதால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

போன கிழமைதான் உங்கள் வருஷத் திவசம் முடிந்தது. நேற்றுக் கொழும்பிலிருந்து உங்கள் பேத்தி பேசினாள். “வருஷம் முடிஞ்சிருச்சுல்ல, இனிமே சாக்குச் சொல்லாதீங்கம்மா. நாளைக்குள்ள எந்தத் தீவுன்னு சொல்லிடுங்க” என்றாள். இன்று பௌர்ணமி, போயா நாள், உங்கள் மகனுக்குக் கடை லீவு. அவர் கூரையைப் பார்க்கப் போயிருக்கிறார். நான் உங்கள் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் படுத்திருந்த இடத்தில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. இங்கிருந்து பார்த்தால் வாசலும், வாசலுக்கு வெளியே ஒரு துண்டுத் தேயிலை மலையும் மட்டும்தான் தெரிகிறது. இதைத்தான் அத்தனை காலம் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா மாமி?

உங்களுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்த அன்று நாம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் கூடையோடு சரிந்தீர்கள். சறுக்கிவிட்டது என்று நினைத்து நான் சிரித்துக்கூட விட்டேன். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை, பக்கத்தில் வந்து குனிந்தால்தான் கேட்கும். அதனால்தான் நல்ல கையில் கரண்டியைக் கொடுத்தேன். அந்த யோசனை என்னுடையதுதான். என் கழுத்துக்கு நானே கயிறு திரித்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கரண்டிச் சத்தம் கேட்கிற தூரம்தான் என் உலகம் என்று ஆகிவிட்டது. நாம் தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் கேட்கும், தண்ணீர் குறைவாக ஓடினால். மரக்கறிப் பாத்தி வரைக்கும் கேட்கும். கோயிலடிக்குக் கேட்காது. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறபோது தப்புச் சத்தம் மட்டும் இங்கே வரும், நான் வாசலில் நின்று கும்பிட்டுக்கொள்வேன். மலைக்குப் போவதை நிறுத்தினேன். என் கூட வேலை செய்தவர்கள் காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிறபோது வாசலில் நின்று பார்ப்பேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனுஷி இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்களை நான் சில நாள் வெறுத்தேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நீங்களும் என்னைச் சில நாள் வெறுத்தீர்கள். சோறு ஊட்டுகிறபோது வாயை இறுக மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பீர்களே, அது எனக்குத் தெரியாதா? மற்ற நாள்களில் நாம் நன்றாகவே இருந்தோம். தோட்டத்து ஊர்வம்பு பேசுவதற்கு உங்களைப் போல ஒரு ஆள் எனக்கு இனிமேல் கிடைக்கப்போவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் உங்கள் பேத்தி தீவுக் கதையைக் கொண்டுவந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்தாவது வருஷம் வருகிறதாம். அவளும் மருமகனும் சேர்ந்து எங்களைக் கடல் கடந்து ஒரு தீவுக்கு அனுப்பப் போகிறார்களாம். எந்தத் தீவு என்று நாங்கள்தான் சொல்ல வேண்டுமாம். உங்கள் மகன் சிரித்தார். சிங்கமலை ரயில் சுரங்கத்தைத் தாண்டினாலே நமக்கு வெளிநாடுதானே என்றார். கல்யாண நாளைக் கொண்டாடுகிற பழக்கம் நம் லயத்து வீட்டு வரிசையில் யாருக்கு இருக்கிறது? திருவிழா முடிந்த மூன்றாம் நாள் எங்கள் கல்யாணம் என்ற அளவில்தான் எனக்கே ஞாபகம்.

“நாம இருக்கிறதே தீவுதானே, இன்னொரு தீவு எதுக்கு?” என்று நான் கேட்டேன். அதற்கு நீங்கள் கட்டிலிலிருந்து, “கடல் எங்க இருக்கு இங்க?” என்றீர்கள். நீங்கள் சொன்னதும் சரிதான். கதிர்காமத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கடலைத் தவிர உங்களுக்கு வேறு கடல் தெரியாது. எனக்கு அதுவும் தெரியாது. மேலே பெரிய பங்களாவை ஹோட்டலாக மாற்றிய பிறகு, வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி சோடி சோடியாக வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, அரைக்கைச் சட்டையோடு தேயிலைக்குள் நின்று படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். தீவு என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். நாம் அவர்களுக்காகத்தான் பரிதாபப்பட்டோம்.

போக முடியாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களை யார் தூக்குவது, யார் திருப்பிப் போடுவது, யார் கழுவிவிடுவது? மல்லிகாக்கா அடுத்த அறை, பக்கத்துக் காம்பராதான், கூப்பிட்டால் வருவார். ஆனால் என்னைத் தவிர வேறு ஆள் தொட்டால் நீங்கள் உடம்பைக் கட்டையாக்கிக்கொள்வீர்கள். சொந்த மகனையே பக்கத்தில் விட்டதில்லை. ஆகவே தீவு பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பகலில் வேலை ஓய்ந்த பிறகு, பேத்தி ஃபோனுக்கு அனுப்புகிற படங்களை உங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். நீங்கள் பார்ப்பீர்கள். பிறகு அந்தத் தீவை வேண்டாம் என்று தள்ளுவீர்கள்.

முதலில் வந்தது மாலைதீவு. கடலுக்குள் மரக்கால் நட்டு அதன்மேல் தனியாக ஒரு வீடு. சுற்றி எங்கே பார்த்தாலும் நீலத் தண்ணீர். அதை நீங்கள் நெடுநேரம் பார்த்தீர்கள்.

“தண்ணிக்கு நடுவுல ஒத்தக் காம்பரா” என்றீர்கள். பக்கத்துக் காம்பரா எங்கே என்று கேட்டீர்கள். இல்லை மாமி, தனியாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றேன். சுவர் கூரை வரைக்கும் போகிறதா என்று கேட்டீர்கள். போகிறது என்றேன். நம் லயத்துச் சுவர் பாதியோடு நிற்பதால் அடுத்த வீட்டு இருமல்கூட நமக்கு வந்து சேர்கிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கடைசியில், “வேணாம். சண்ட வந்தா நீ எங்க போவ? அங்க பீலி இல்லியே” என்றீர்கள். உங்கள் மகன் அன்று சிரித்த சிரிப்பு! கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்தால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்விடுவேன். குடம் நிறைந்த பிறகும் அங்கேயே நின்று, தண்ணீர் வழிய வழியத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வருவேன். அது லயம் முழுக்கத் தெரிந்த கதை.

அடுத்தது மொரீசியஸ். அங்கே கரும்புத் தோட்டம் இருக்கிறது, நம்மைப் போலவே நம் ஆள்களை அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று பேத்தி விளக்கினாள். நீங்கள் உதட்டைப் பிதுக்கினீர்கள். “லயத்துல இருந்து கெளம்பி லயம் பாக்கவா போறது? சொந்தக்காரங்கன்னு சொல்லி வீட்டுக்குள்ள படுக்க வச்சிருவாங்க. வேணாம்” என்றீர்கள்.

பாலித் தீவு வந்தது. நாலு தூண், மேலே ஓலை, சுவருக்குப் பதிலாக வெள்ளைத் துணி காற்றில் ஆடுகிறது. எங்களுக்கு அது கோயில் தேர் மாதிரி அழகாகத்தான் இருந்தது. நீங்கள், துணியைத் தொங்கவிட்டுவிட்டு இதை வீடு என்கிறார்களே, நம் காம்பராவில் இல்லாத துணியா என்று கேட்டீர்கள். லங்காவியில் ஒரு பெரிய ஹோட்டல், வரிசையாக அறை, அறைக்கு முன்னால் நீளத் தாழ்வாரம். அதற்கு உங்களுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. “பெயிண்ட் அடிச்ச லயம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்படியே வாரக்கணக்கில் போனது. விளையாட்டாகத் தொடங்கியது எனக்கு வரவர எரிச்சலாக மாறியது. போகாத ஊருக்குத்தானே வழி கேட்கிறோம், அதிலும் இந்த அம்மாளுக்கு ஒரு தீவாவது பிடிக்கக் கூடாதா? கற்பனையில்கூட நான் இந்தக் காம்பராவை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று நீங்கள் பார்த்துக்கொள்வதாக எனக்குப் பட்டது. மனதுக்குள் ஒரு தீவுக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டிருக்கும்போதே ‘டங்’ என்று கேட்கும். படுக்கைச் சட்டியை மாற்ற வேண்டும், தலையணையைத் திருப்ப வேண்டும், கொசு கடிக்கிறது, கொசு போய்விட்டது.

ஒரு நாள் பகலில் வெடித்துவிட்டேன். அன்றைக்கு என்ன தீவு என்றுகூட ஞாபகமில்லை. படத்தைப் பார்த்து நீங்கள் தலையை ஆட்டினீர்கள், அவ்வளவுதான். “நீங்க எந்தத் தீவுக்கும் எங்கள விடமாட்டீங்க மாமி. நான் இங்கயே கெடந்து சாகணும், அதுதான் ஒங்களுக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்விட்டேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது, வெளியே வந்துவிட்டது.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தபோது கரண்டிச் சத்தம் கேட்டது. போகவில்லை. திரும்பவும் கேட்டது. நான் அசையவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதும்தான் எனக்குப் பதறியது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

காம்பராவில் மல்லிகாக்கா நின்றார். உங்களை ஒருக்களித்துத் திருப்பி, முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணை இறுக்கி மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். எனக்காகத் தட்டியதாகத்தான் நினைத்தேன். நீங்கள் தட்டியது மல்லிகாக்காவுக்காம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருப்பது தெரிந்து தட்டியிருக்கிறீர்கள், அவர் வந்ததும் ‘கழுவி விடு’ என்று வாயசைத்திருக்கிறீர்கள். அக்கா போகும்போது என்னிடம், ஒன் மாமிக்கு இன்னைக்கு என்னமோ புடிச்சிருச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், இல்லையா? வந்தது பொறாமை. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் மாதிரி வாசலில் நின்றேன். நீங்கள் நல்ல கையால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். குனிந்தேன்.

“நான் எங்க புள்ள தீவப் பாத்தேன்? கதவத்தான் பாத்தேன்” என்றீர்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்.

“அவன் கல்யாணத்தன்னிக்கு இஸ்தோப்புக்குப் போனவ நான். செத்தாத்தான் இனிமே உள்ள படுக்கிறதுன்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனேன். கையும் காலும் போயி உள்ள வந்து கெடக்கேன். ஒங்க கதவ நான்தான் தொறந்து வச்சிருக்கேன்.”

மகனுக்குக் கல்யாணம் ஆனால் பெரியவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போவது நம் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒற்றை அறையில் வேறு என்ன செய்வது? யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அன்று சாயங்காலம் பாய் இடம் மாறியிருக்கும். நானும் மருமகளாக வந்த அன்று அதைப் பார்த்தேன், பிறகு ஒருபோதும் யோசித்ததில்லை. மார்கழிப் பனியிலும், ஆடிக் காற்றிலும் உரச்சாக்குக்குள் முடங்கிக்கொண்டு கிடந்தீர்கள். பேத்தி வளர்ந்ததும் அவளையும் உங்கள் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டீர்கள். காலையில் கதவைத் திறக்கும் முன்னால் நீங்கள் இருமுவீர்கள், நீங்கள் எழுந்துவிட்டதை எங்களுக்குத் தெரிவிக்க. அந்தக் கதவு எங்களுடையதாக இருந்தது உங்கள் முதுகில் ஏறிய குளிரால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்களை உள்ளே கொண்டுவந்த பிறகு ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டினோம். நீங்கள் விளக்கு வைக்கும் முன்னாலேயே குறட்டை விடத் தொடங்குவீர்கள். பொய்க் குறட்டை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைக் கேட்டு உங்கள் மகனுக்கு வெட்கம் தாங்கவில்லை. கொஞ்ச நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டார், உங்கள் இடத்துக்கே. நான் உங்கள் கட்டிலுக்குக் கீழே படுத்தேன். இருபத்தைந்து வருஷக் கல்யாணம் இப்படி வாசலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பிரிந்து கிடந்தது. தீவெல்லாம் வேண்டாம் என்று நீங்கள் தள்ளியதன் காரணம் அப்போது ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. சொந்தக்காரர் வீடு வேண்டாம், துணிச்சுவர் வேண்டாம், அறைக்குப் பக்கத்தில் அறை வேண்டாம். எங்களுக்கு மூடுகிற கதவு ஒன்றைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “வயசான காலத்துல கதவு என்ன கதவு” என்று சொல்லி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டேன்.

“ஒனக்கு என்ன வயசு. போ புள்ள” என்றீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு நேரம் மல்லிகாக்காவைத்தான் கூப்பிட்டீர்கள். நான் வெளியே தண்ணீர் ஓடுகிற காணு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் வாயிலிருந்து ஒரு முனகல் வராது, மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். அவ கை ஒன் கை மாதிரி இல்ல, பழகிக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னீர்கள். பாஸ்போர்ட் வந்தபோது அதை உங்கள் மூக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னீர்கள். புதுச் செருப்பு வாசம் என்றீர்கள். தீவையும் நீங்களே முடிவு செய்தீர்கள். தண்ணிக்கு நடுவுல ஒத்தக் காம்பரா. “சண்ட மட்டும் போடாதீங்க. எங்கயும் போக முடியாது” என்று எச்சரித்தீர்கள்.

போகிற நாளுக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். காலை நேரம், நான் பீலியில் இருந்தேன், தண்ணீர் மெல்லத்தான் ஓடியது, தட்டியிருந்தால் கேட்டிருக்கும். அன்றைக்கு நீங்கள் தட்டவில்லை. நான் வந்து பார்த்தபோது கரண்டி உங்கள் விரலுக்குள்ளேயே இருந்தது. ஏன் மாமி தட்டவில்லை? முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டீர்களா? இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

துக்க வீடு என்பதால் ஒரு வருஷம் நல்ல காரியம் எதுவும் இல்லை. பயணத்தைப் பேத்தி ரத்துச் செய்தாள். நீங்கள் போய்விட்டால் எனக்கு விடுதலை என்று நான் நினைத்ததுண்டு. பச்சையாகவே சொல்கிறேன், நினைத்தேன். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? இந்த ஒரு வருஷமும் நான் பீலியைத் தாண்டி ஒழுங்காக எங்கும் போகவில்லை. பேத்தி வீட்டுக்குப் போய்த் தங்கலாம் என்று கொழும்புக்குப் போனேன், சோறு தின்ற கையோடு திரும்பி பஸ் ஏறிவிட்டேன். யாரும் கூப்பிடாத காது எப்படி இருக்குமென்று எனக்கு மறந்துவிட்டது. கோயிலுக்குப் போனாலும் பாதியில் திரும்பிப் பார்க்கிறேன். உங்களால்தான் அடைபட்டுக் கிடந்தேன் என்று நினைத்தேனே, இப்போது என்னை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள்?

அதைவிட மோசம் இன்னொன்று. கட்டில் காலியாகக் கிடக்கிறது. காம்பராவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஆனாலும் அவர் பாய் இன்னும் இஸ்தோப்பில்தான், என் பாய் இன்னும் உங்கள் கட்டிலுக்குக் கீழேதான். நீங்கள் போன மறுநாளே மாற்றியிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் யாரும் பேச்சை எடுக்கவில்லை. நாள் போகப் போக அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இந்த வயதில், எந்த முகத்தை வைத்துக்கொண்டு, யார் முதலில் கேட்பது? அவர் இருமுகிறார், நான் சட்டியை உருட்டுகிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்படி இருக்கிறவர்களை ஒரு தீவுக்கு அனுப்பினால் அங்கேயும் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றுதானே கிடப்போம்? பேத்திக்கு நான் பதில் சொல்லாமல் இழுத்ததற்கு இதுதான் காரணம். தீவு கிடைக்காமல் இல்லை. போய் அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓடி வந்தோமே, அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் துவாயைத் தோளில் போட்டார். பிறகு, “ஒனக்கும் கேட்டுச்சா?” என்றார்.

“தெனமும் கேக்குது” என்றேன்.

“எனக்குந்தான்” என்றார். வருஷம் முழுக்க அவரும் வெளியே கிடந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கடையில் வேலை செய்கிறபோதுகூடத் தேத்தண்ணிக் கோப்பையில் யாராவது கரண்டி போட்டால் எழுந்துவிடுவாராம், முதலாளி என்ன ஏது என்று விசாரித்தாராம். எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நான் இருந்தேன்.

அவர் ஏணி வைத்து ஏறிக் கூரை ஓட்டையை அடைத்தார். இறங்கி வந்தவர் கை கழுவவில்லை. நேரே வாசலுக்குப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். அது மூடவில்லை. நீங்கள் உள்ளே வந்த நாளிலிருந்து அதை யாரும் முழுதாக மூடியதில்லை, மழையில் பலகை ஊறிப் பருத்து நிலையில் இடிக்கிறது. அவர் கடையிலிருந்து எப்போதோ வாங்கி வந்து சும்மா கிடந்த இழைப்புளியைத் தேடி எடுத்தார். கதவைக் கழற்றி இஸ்தோப்பில் கிடத்தி இழைக்கத் தொடங்கிவிட்டார். நான் இதை எழுதுகிறபோது மரச்சீவல் சுருள் சுருளாக உள்ளே பறந்து வருகிறது.

“என்ன தம்பி சத்தம்?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மல்லிகாக்கா கேட்டார். கதவு சரிபண்ணுகிறேன் என்றார் இவர். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எந்தக் கள்ளன் வரப்போகிறான் என்று அக்கா விடாமல் கேட்டார். உங்கள் மகன் பாதி மழித்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது சிரித்த அதே திருட்டுச் சிரிப்பு மாமி. அது எங்கே போயிருந்தது இத்தனை நாளும்?

இழைப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி அவர் தன் பாயைச் சுருட்டி எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே கொண்டுவந்து என் பாயின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். நான் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது பெரிய பேச்சுவார்த்தை.

கொஞ்சம் முன்னால் பேத்தி ஃபோன் எடுத்தாள். நானே பேசினேன். தண்ணிக்கு நடுவில் ஒற்றைக் காம்பரா இருக்கிறதே, அது என்றேன். அது அப்பாயி சொன்ன தீவு என்றாள் அவள். ஆமாம், அவங்க கதவெல்லாம் பார்த்து வச்சதுதான் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

கதவு மாட்டியாகிவிட்டது. சும்மா பார்ப்பதற்காக ஒரு தடவை உள்ளிருந்து மூடினார். மூடிக்கொண்டது. காம்பரா இருட்டாகிவிட்டது, வெளியே மழை தகரத்தில் கொட்டுகிறது, மலை தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று பயந்தேன். அடைக்கவில்லை.

பயணப் பைக்குள் நான் முதலில் வைத்த சாமான் உங்கள் டம்ளரும் கரண்டியும். சண்டை வந்தால் அங்கே எங்கே போவாய் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது. நான் எங்கேயும் போக மாட்டேன் மாமி. உட்கார்ந்த இடத்திலிருந்து கரண்டியால் தட்டுவேன். உங்கள் மகன் வருவார். இன்று காலை வந்தாரே.